சாலையும் ஓர் அமானிதம்

நள்ளிரவு கடந்து ஒரு மணி. வீட்டில் அனைவரும் உறங்கிக் கொண்டிருக்கின்றனர். தொலைபேசி ஒலிக்கிறது. "உங்கள் மகன் இங்கே காவல் நிலையத்தில் இருக்கிறார். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டி வந்ததாகச் சோதனையில் பிடிபட்டிருக்கிறார். உடனே வாருங்கள்" என்கிறது மறுமுனையில் ஒரு குரல்.

அல்லாஹ் காப்பானாக! எந்த இல்லத்துக்கும் இத்தகைய அழைப்பு வரலாகாது. ஆயினும் வந்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். அந்தத் தந்தை ஐவேளைத் தொழுகையாளி. மஹல்லாவில் மதிப்புள்ளவர். மகன் மதுவைத் தொட்டிருப்பான் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. சட்டையை மாட்டிக் கொண்டு புறப்படும்போது அவர் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் என்னவாக இருக்கும்? "எவரைப் பிடித்தால் இந்தச் செய்தி வெளியே தெரியாமல் முடியும்?" என்பதாகத்தான் இருக்கும்.

அந்த எண்ணம் சரியா, தவறா? அந்த இரவில் சட்டம் என்ன செய்யும்? மார்க்கம் அவரிடம் எதை எதிர்பார்க்கிறது? இவற்றைத்தான் இவ்வாரம் உங்களுடன் சேர்ந்து சிந்திக்க விழைகிறோம். "மது நமக்கு விலக்கப்பட்டது, ஆகவே குடித்து வண்டி ஓட்டுவோரைப் பற்றிய சட்டம் நமக்கு எதற்கு?" என்று கேட்டு நகர்ந்துவிட வேண்டாம். விலக்கப்பட்டது என்பதனாலேயே நம் இல்லங்களில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பேச்சு எழாத இடத்தில்தான் தவறு ஓசையின்றி நுழைகிறது.

பாதையின் உரிமை

பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நமக்குக் கற்பித்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தெருவோரத்தில் அமர்ந்து பேசும் வழக்கமுடைய தோழர்களிடம், பாதைக்கு அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு கூறினார்கள். அது யாதென வினவப்பட்டபோது, பார்வையைத் தாழ்த்துவதையும் ஸலாமுக்கு மறுமொழி கூறுவதையும் சொன்னதோடு, பிறருக்குத் துன்பம் தராதிருப்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

ஒட்டகமும் குதிரையும் மட்டுமே சென்ற பாதைக்கு இத்துணை உரிமை உண்டென்றால், இரும்பும் எண்ணெயும் விரைந்தோடும் இன்றைய சாலைக்கு எவ்வளவு உரிமை இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இவர்கள் அனைவரும் குடிகாரர்களால் மாண்டவர்கள் அல்லர். எனினும் இந்தப் பெருங்கூட்டத்துக்குள் ஒருவனின் போதைக்குப் பலியான மக்களும் அடக்கம். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்ற வேண்டியவனே முள்ளாக மாறி அப்பாதையில் பாய்வது எவ்வளவு பெரிய மாறுபாடு!

அறிவு மயங்கியவன்

மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலில் அதில் பெரும் பாவமும் மனிதர்க்குச் சில பயன்களும் உண்டு, பயனைவிடப் பாவமே பெரிது என்று 'அல்பகரா' அத்தியாயம் உணர்த்திற்று. பின்னர், சொல்வது இன்னதென விளங்காத போதை நிலையில் தொழுகையை நெருங்க வேண்டாம் என்று 'அந்நிஸா' அத்தியாயம் தடுத்தது. இறுதியில் 'அல்மாயிதா' அத்தியாயம் மதுவை ஷைத்தானின் செயல்களுள் ஒன்றென அறிவித்து முற்றாக விலக்கியது. அந்த அறிவிப்பு மதீனாவின் தெருக்களில் முழங்கியபோது அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் மது பரிமாறிக் கொண்டிருந்தவர் அனஸ் (ரலி) அவர்கள். கேட்ட மாத்திரத்தில் மதுவைக் கொட்டிவிடுமாறு அவருக்குக் கட்டளை பிறந்தது. மதீனாவின் தெருக்களில் மது வழிந்தோடிற்று.

இவற்றுள் இரண்டாம் படியைச் சற்று ஆழ்ந்து நோக்குங்கள். போதையில் இருப்பவன் தொழுகைக்குத் தகுதியற்றவன் ஆகிறான். ஏன்? தான் என்ன சொல்கிறோம் என்பதை அவன் அறியான். தொழுகையில் அவன் தவறினால் பாழாவது அவனது வணக்கம் மட்டுமே. வண்டியின் முன்னிருக்கையில் அவன் தவறினாலோ பாழாவது பிறர் உயிர். தன் நாவையே ஆள முடியாதவனிடம் ஓடும் வாகனத்தை ஒப்படைப்பது எங்ஙனம் தகும்? அமானிதம் என்பது நம்மிடம் அடைக்கலமாக வைக்கப்பட்ட பொருள். சாலையில் எதிரே வரும் ஒவ்வோர் உயிரும், ஓட்டுபவனிடம் சில விநாடிகளுக்கு அடைக்கலமாக வைக்கப்பட்ட அமானிதமே அன்றோ?

இந்த உண்மையை உலகின் சட்டங்கள் மெல்ல மெல்லத்தான் கண்டு கொண்டன. மோட்டார் வாகனம் தோன்றிய தொடக்க காலத்தில், 1897-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டன் நகரில் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் போதையில் வண்டியைக் கட்டடத்தின் மீது மோதினார். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 25 ஷில்லிங் அபராதம் மட்டுமே. இரத்தத்தில் இவ்வளவு மது இருந்தாலே குற்றம் என்று அளவு வகுத்து முதன்முதலில் சட்டம் செய்த நாடு நார்வே, ஆண்டு 1936. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்பது அந்த நாடு வகுத்த அளவு. பிரிட்டன் 1967-இல் 80 மில்லிகிராம் என்று வகுத்தது.

முப்பது மில்லிகிராம்

நம் நாட்டில் 1989 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அதன் 185-ஆவது பிரிவின்படி, நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். ஓட்ட முயல்வதும் குற்றமே. தள்ளாடினானா, எவர் மீதேனும் மோதினானா என்னும் கேள்விகள் இங்கே எழுவதில்லை. அளவு மீறியிருந்தால் குற்றம் நிறைவேறிவிட்டது. மதுவைத் தவிர்த்த ஏனைய போதைப் பொருள்களை உட்கொண்டு, வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுவதும் இதே பிரிவின் கீழ் வருகிறது. "நான் மது அருந்தவில்லை, மாத்திரைதான் போட்டேன்" என்று கூறும் இளைஞனும் தப்ப முடியாது.

ஊதச் சொல்லும் கருவி இரத்தத்தில் உள்ள மதுவை எவ்வாறு அறிகிறது? குடித்த மது இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து மூச்சுடன் வெளியேறுகிறது. ஆழ்ந்து வெளிவிடும் மூச்சில் 2,100 மில்லி லிட்டரில் உள்ள மது, ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ள மதுவுக்குச் சமம் என்னும் கணக்கில் அந்தக் கருவி அமைக்கப்பட்டுள்ளது. ஏலக்காய் மெல்லுவதும் வாய் கொப்பளிப்பதும் வாடையை மறைக்கலாம். நுரையீரலிலிருந்து வரும் மூச்சை அவை மாற்ற மாட்டா.

மற்றொன்றையும் அறிந்து கொள்க. உடலிலிருந்து மதுவை நீக்குவது பெரும்பாலும் ஈரலின் வேலை. அது தன் வேகத்தில்தான் வேலை செய்யும். நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே மது குறையும். மோரும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீராட்டும் அதை விரைவுபடுத்தா. நள்ளிரவில் 150 மில்லிகிராம் இருந்தவனுக்குக் காலை ஏழு மணிக்கும் 45 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். "இரவு குடித்தேன், உறங்கி எழுந்துவிட்டேன், இப்போது தெளிவாக இருக்கிறேன்" என்று பள்ளி வாகனத்தை ஓட்டப் புறப்படுபவனும் சட்டத்தின் முன் குற்றவாளியாக நிற்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சட்டம் 30 மில்லிகிராம் என்று கோடு கிழித்திருப்பதால், அதற்குக் கீழே இருப்பது நமக்கு ஆகுமானது என்று எவரும் எண்ணிவிடலாகாது. எது அதிகமாகும்போது போதை தருமோ அது குறைந்த அளவிலும் ஹராமே என்பது நபிகளாரின் போதனை. சட்டத்தின் கோடு நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவானது. முஸ்லிமின் கோடு முதல் துளிக்கும் முன்னரே போடப்பட்டுவிட்டது.

பிடிபட்டால் நடப்பது என்ன?

சீருடை அணிந்த காவல் அதிகாரியோ, மோட்டார் வாகனத் துறை அதிகாரியோ நியாயமான ஐயம் கொண்டால், ஓட்டுபவரை மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தலாம் என்கிறது 203-ஆவது பிரிவு. கருவி மது இருப்பதாகக் காட்டினால் பிடியாணை இன்றியே கைது செய்யலாம். ஊத மறுத்தாலும், மது அருந்தியிருப்பதாக ஐயுறக் காரணம் இருப்பின், கைது செய்யலாம். உள்நோயாளியாக மருத்துவமனையில் இருப்பவரை மட்டும் அவ்வாறு கைது செய்யக் கூடாது. காவல் நிலையத்தில் இரத்த மாதிரி கேட்கப்படலாம். தக்க காரணமின்றி மறுத்தால், அந்த மறுப்பே வழக்குக்கு வலுச் சேர்க்கும் சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம் என்பது 205-ஆவது பிரிவு.

சட்டம் பிடிபட்டவரையும் காக்கிறது. இக்குற்றத்துக்காகக் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. வாடை வீசியது, நடை தள்ளாடியது, கண்மணி விரிந்திருந்தது என்பவற்றை மட்டும் கொண்டு ஒருவர் குடித்திருந்தார் என்று முடிவு கட்டலாகாது என உச்ச நீதிமன்றம் 1971-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் தெளிவுபடுத்தியது. ஐயத்தின் பேரில் எவரையும் தண்டிக்கலாகாது என்னும் இந்த நெறி, சான்றின்றித் தண்டனையைத் தவிர்க்கச் சொல்லும் நம் ஷரீஅத்தை அறிந்தவர்க்குப் புதிதன்று.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை என்ன? 2019 செப்டம்பர் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை அகப்பட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கு முன்னர் முதல் முறைக்கு அபராத உச்சவரம்பு 2,000 ரூபாய்தான்.

"பத்தாயிரத்தைக் கட்டிவிட்டால் தீர்ந்தது" என்று சிலர் எளிதாகப் பேசக் கேட்டிருப்பீர்கள். தீராது. அதிகாரியிடம் தொகை செலுத்திச் சமரசமாக முடித்துக் கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் 185-ஆவது பிரிவு இடம்பெறவில்லை. இது நீதிமன்றத்துக்குச் சென்றே தீர வேண்டிய குற்றம். ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பவும் காவல்துறைக்குக் கடமை உண்டு. அவர் இவரது விளக்கத்தைக் கேட்டறிந்தபின், முதல் குற்றமாயின் மூன்று மாதம் ஓட்டத் தடை விதிக்கலாம். மீண்டும் நிகழ்ந்தால் உரிமத்தையே நீக்கலாம். நீதிமன்றம் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தாலோ, ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓட்டத் தகுதி நீக்கம் செய்ய வேண்டும் என்பது 20-ஆவது பிரிவு. வாடகை வண்டி ஓட்டி உண்ணும் ஒருவருக்கு ஆறு மாதம் என்பது எத்தனை நாள் அடுப்பு எரியாத வீடு என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

உயிர் போன பின்னர்

இதுவரை கூறியது எவருக்கும் தீங்கு நேராதபோது உள்ள நிலை. உயிர் போய்விட்டால் சட்டத்தின் முகமே மாறிவிடுகிறது.

2006 நவம்பர் 12. ஃபஜ்ருக்குச் சற்று முந்தைய வேளை. மும்பையின் பாந்த்ரா பகுதியில், கார்ட்டர் சாலையின் நடைபாதையில், பகலெல்லாம் உழைத்த கூலித் தொழிலாளர்கள் உறங்கிக் கொண்டிருந்தனர். விரைந்து வந்த கார் ஒன்று அவர்கள் மீது ஏறியது. எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். ஓட்டி வந்த இளைஞரின் இரத்தத்தில் இருந்த மது, சட்ட அளவைப் போல் மும்மடங்குக்கும் மேல். விசாரணை நீதிமன்றம் அதனைக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டு ஆறு மாதச் சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2007-இல் அதை மாற்றி, மரணம் நேரக்கூடும் என்னும் அறிவுடன் செய்த குற்றம் எனக் கொண்டு மூன்று ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. அதுவும் போதாத தண்டனையே. அரசு மேல்முறையீடு செய்யாததால் கூட்ட முற்படவில்லை என்றும் குறிப்பிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் மற்றொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இவ்வழியே சென்றது. 1999 ஜனவரியில் டில்லியில் விலையுயர்ந்த கார் ஒன்று மோதி, பணியிலிருந்த காவலர் மூவர் உட்பட அறுவரைக் கொன்ற வழக்கு அது. ஓட்டியவர் செல்வக் குடும்பத்து இளைஞர். வெறும் கவனக்குறைவு என்ற உயர் நீதிமன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் ஏற்கெனவே கழித்திருந்த இரண்டாண்டுச் சிறையோடு, 50 லட்சம் ரூபாயும் இரண்டு ஆண்டுச் சமூகப் பணியும் விதித்தது.

இவ்விரு தீர்ப்புகளின் உட்கருத்தை நன்கு உணருங்கள். தூக்கக் கலக்கத்தில் தவறியவனும், மதுவைக் குடித்து ஓட்டியவனும் ஒருவர் அல்லர். பின்னவன் தன் அறிவைத் தானே அழித்துவிட்டு, விளைவை எண்ணாமல் புறப்பட்டவன். "எனக்கு நினைவில்லை" என்பது அவனுக்குச் சாக்காகாது. தானே விரும்பிப் போதையில் ஆழ்ந்தவன் அந்நிலையில் செய்த கொலைக்கும் பொறுப்பாளியே என்பது நம் மத்ஹபுகளின் பெரும்பான்மைக் கருத்தும் ஆகும்.

2024 ஜூலை முதல் நாள் முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்குப் பழைய சட்டத்தில் இருந்த உச்சத் தண்டனை இரண்டு ஆண்டு. புதிய சட்டத்தின் 106-ஆவது பிரிவில் அது ஐந்து ஆண்டு. மரணம் நேரக்கூடும் என அறிந்தே செய்த குற்றமாயின், 105-ஆவது பிரிவின் கீழ்ப் பத்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

நம் உறவினர் பலர் வாழும் மலேசியாவில் சட்டம் இன்னும் கடுமையானது. அங்கே 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, போதையில் ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியவருக்கு முதல் குற்றத்துக்கே பத்து முதல் பதினைந்து ஆண்டு சிறையும், 50,000 முதல் ஒரு லட்சம் ரிங்கிட் அபராதமும் உண்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்ற பிள்ளைகளுக்கு எழுதும்போது இதனையும் ஒரு வரி எழுதுங்கள்.

உடன் சென்றவர்

"நான் குடிக்கவில்லை, பின்னால்தான் அமர்ந்திருந்தேன்" என்று சொல்லும் நண்பனின் நிலை என்ன? குடித்து ஓட்டும் குற்றத்துக்குத் துணை புரிந்தவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. இதனைக் கொண்டு சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 அக்டோபரில், குடித்தவருடன் வண்டியில் செல்வோர் மீதும் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது.

இதைக் கேட்டு வியந்தவர் பலர். நபிமொழி கற்றவர்க்கு வியப்பில்லை. மதுவின் தொடர்பில் பதின்மர் சாபத்துக்குரியோர் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, குடிப்பவனோடு நிறுத்தவில்லை. பிழிபவன், சுமப்பவன், பரிமாறுபவன், விற்பவன், அதன் விலையை உண்பவன் என்று அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் சேர்த்தே சொன்னார்கள்.

அநீதி இழைப்பவனாயினும் அவனுக்கு உதவுக என்று கூறி, அது எவ்வாறு என்று தோழர்கள் திகைத்தபோது, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள் அப்பெருமானார். ஆகவே திருமண வீட்டு வாசலிலோ பயணத்தின் நடுவிலோ, குடித்தவன் வண்டியை எடுக்க முனைந்தால், சாவியைப் பறித்துக் கொள்ளுங்கள். அவன் சினந்தாலும் ஏசினாலும் கொடுக்காதீர்கள். அமர்த்திய வேன் ஓட்டுநரிடம் வாடை வீசினால், எவ்வளவு நேரமானாலும் வேறு ஓட்டுநரைத் தேடுங்கள். அந்த வேனில் அமரப் போவது உங்கள் உம்மாவும் உங்கள் குழந்தைகளும் அல்லவா?

பெற்றோரின் பொறுப்பு

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் பெருகி வருகிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் அவருடைய பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவர். மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. தமக்குத் தெரியாமல் நிகழ்ந்தது, அல்லது தடுக்க உரிய முயற்சி செய்தோம் என்று மெய்ப்பிக்க வேண்டியது அவர்களது சுமை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற இயலாது.

காப்பீடு இருக்கிறதே என்றும் தேற்றிக் கொள்ள வேண்டாம். குடித்து ஓட்டியதைக் காரணம் காட்டித் தன் பொறுப்பை மறுக்க, காப்பீட்டு நிறுவனத்துக்கு இப்போது சட்டமே இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தொகையைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் வசூலித்துக் கொள்ளுமாறு நீதிமன்றங்கள் கட்டளையிட்டதுண்டு. ஓர் இரவின் போதைக்காக வீட்டையும் நிலத்தையும் விற்க நேரிடலாம்.

மன்னிப்பை எவரிடம் கேட்பது?

குடித்த பாவம் அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே உள்ளது. உள்ளம் உருகித் தவ்பாச் செய்தால் அவன் மன்னிப்போன். ஆனால் சாலையில் மாண்ட கூலித் தொழிலாளியின் உயிர் 'ஹக்குல் இபாத்' என்னும் மனிதர் உரிமையைச் சார்ந்தது. அதனைத் தொழுது தீர்க்க முடியாது. ஹஜ்ஜுக்குச் சென்றும் தீர்க்க முடியாது. உரியவரிடமே தீர்க்க வேண்டும். தவறுதலாகவே ஓர் உயிர் போனாலும், அந்தக் குடும்பத்துக்கு ஈட்டுத் தொகையும், அடிமையை விடுவிக்க வழியில்லாதபோது தொடர்ந்து இரு மாதம் நோன்பும் விதிக்கிறது திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயம். கடமை எவர் மீது, எவ்வளவு என்பதைக் கற்றறிந்த ஆலிம்களிடம் கேட்டறிய வேண்டும். தவறுதலுக்கே இவ்வளவென்றால், தன் அறிவைத் தானே கெடுத்துக் கொண்டு கொன்றவனின் கணக்கு எத்தகையதாக இருக்கும்!

மோதியபின் ஓடி ஒளிவது அந்தக் கணக்கை மேலும் பெருக்கும். காயமுற்றவரை மருத்துவ உதவிக்குச் சேர்ப்பதும் காவல் நிலையத்துக்கு அறிவிப்பதும் ஓட்டியவரின் கடமை என்று 134-ஆவது பிரிவு விதிக்கிறது. அவ்வழியே செல்லும் நீங்கள் நல்லெண்ணத்துடன் உதவினால், அதன் பொருட்டு உங்களைத் தொல்லைக்கு ஆளாக்கலாகாது என்று 134ஏ பிரிவு காக்கிறது. ஆகவே அஞ்சி ஒதுங்காதீர்கள்.

அந்தத் தந்தைக்கு ஒரு சொல்

இப்போது காவல் நிலையத்துக்குப் புறப்பட்ட அந்தத் தந்தையிடம் திரும்புவோம்.

மக்ஸூம் கோத்திரத்தைச் சேர்ந்த உயர்குடிப் பெண் ஒருத்தி திருடிப் பிடிபட்டபோது, குலத்தார் வெட்கினர். பரிந்து பேசுவதற்கு நபிகளாரின் அன்புக்குரிய உஸாமா (ரலி) அவர்களை அனுப்பினர். பெருமானாரின் திருமுகம் மாறிற்று. உயர்ந்தவன் திருடினால் விட்டுவிடுவதும் எளியவன் திருடினால் தண்டிப்பதுமே முன்னோரை அழித்தது என்று எச்சரித்தார்கள். தம் அருமை மகளே செய்திருந்தாலும் விதிவிலக்கில்லை என்று அறிவித்தார்கள். அந்தத் தந்தை தம் கைபேசியில் தேடிக் கொண்டிருக்கும் செல்வாக்குள்ளவரின் எண்ணுக்கு இதுவே விடை. பரிந்துரையும் வேண்டாம், கையூட்டும் வேண்டாம். நல்ல வழக்கறிஞரை அமர்த்துவது மகனின் உரிமை. சான்றை மறைப்பது எவருக்கும் உரிமையன்று.

ஆனால் மகனைத் துரத்திவிடவும் வேண்டாம். மீண்டும் மீண்டும் குடித்துப் பிடிபட்டுத் தண்டனை பெற்ற ஒருவரை, அங்கிருந்த ஒருவர் சபித்தபோது, அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் அவர் என்று கூறிச் சாபத்தைத் தடுத்தார்கள் நபி (ஸல்) அவர்கள். தண்டனையையும் நிறுத்தவில்லை, அன்பையும் நிறுத்தவில்லை. பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

ஆகவே ஐயா, செல்லுங்கள். மகன் அருகில் அமருங்கள். "வாப்பா, எப்படியாவது என்னை வெளியே எடுத்துவிடுங்கள்" என்று அவன் அழும்போது, "நீதிமன்றத்துக்கு உன்னுடன் நான் வருவேன், தம்பி. அபராதத்தை உன் உழைப்பில் கட்டு. உரிமம் திரும்பும் வரை பேருந்தில் போ. இந்தப் பழக்கத்திலிருந்து மீள மருத்துவரிடம் போவோம், அங்கும் நான் உடன் வருவேன்" என்று சொல்லுங்கள். அவன் ஓட்டி வந்த தெருவில் அன்றிரவு எவரும் குறுக்கே வரவில்லை. அது அவன் திறமையால் அன்று, அல்லாஹ்வின் கிருபையால். அந்த நன்றியை உணர்த்தும் பொறுப்பு உங்களுடையது.

தொலைபேசி வராத இல்லங்களில் இருக்கும் நாமும் இன்றிரவே ஒன்று செய்யலாம். பிள்ளைகளை அருகே அழைத்து, அஞ்சாமல் பேசலாம். "நீ எங்கே, எந்த நிலையில் இருந்தாலும், வண்டியைத் தொடாதே, என்னைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் வருவேன்" என்று ஒரு வாக்குக் கொடுக்கலாம். அந்த ஒரு வாக்கு நம் பிள்ளையையும், நாம் பெயர் அறியாத எவரோ ஒருவரின் பிள்ளையையும் காக்கக் கூடும்.

ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்பது இறைமறையின் கருத்து. நம் கைகளில் உள்ள அமானிதங்களை நலமுடன் உரியவரிடம் சேர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.